பாட்டுக்கு உடையவர் யார்?

பாட்டைத் தானே இயற்றித் தானே பாடுகிறவர் ஒருவர். அவர் அருகில் அமர்ந்து கித்தார் மீட்டுகிறவர் மற்றொருவர். கச்சேரி முடிந்து மக்கள் எழுந்து செல்லும்போது ஒரு பெயர்தான் அவர்களோடு வீடு வரை செல்கிறது. அது பாடியவரின் பெயர். மற்றவரைக் 'கூட வாசித்தவர்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் 'கூட' என்னும் இரண்டெழுத்துக்குள் எவ்வளவு உழைப்பு அடங்கிக் கிடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. பாட்டு இருவருக்கிடையே பிறக்கிறது. புகழோ ஒருவர் மடியில் வந்து விழுகிறது. விழுந்த புகழை வைத்துக்கொண்டிருப்பவருக்கு ஏதேனும் கடமை உண்டா? இசைவாணர்களுக்கு மட்டும் உரிய வினாவாக இது தோன்றலாம். ஆயினும் கடையைக் கூட்டாக நடத்துகிற அண்ணன் தம்பியரும், நூலைச் சேர்ந்து எழுதுகிற நண்பர்களும், கணவர் பெயரால் நடக்கும் தொழிலில் பாதிச் சுமையைத் தாங்குகிற இல்லத்தரசியும் இவ்வினாவுக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர்.

முதலில், கூட வாசிப்பவர் செய்வதுதான் என்ன? பாடகர் ஒரே சுரத்தில் குரலை நிறுத்திக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கித்தார்க்காரர் மூன்று சுரங்களை ஒரு சேர ஒலிக்கச் செய்து அந்தக் குரலுக்கு அடியில் விரிக்கிறார். அம்மூன்றில் நடுச் சுரத்தை மட்டும் அரை இடம் தாழ்த்திப் பாருங்கள்! பாடகர் குரலை அணுவளவும் அசைக்கவில்லை. ஆனால் ஒரு நொடிக்கு முன் மகிழ்ச்சியாக இருந்தது இப்போது ஏக்கமாகிவிட்டது. சொல்லும் குரலும் ஒருவருடையவை, அவை நம் நெஞ்சில் வந்து தங்கும் நிறம் இன்னொருவருடையது. நம் பக்கீர்கள் தாயிராவைத் தட்டிப் பாடி வருவதைக் கேட்டவர்களுக்கும் இது விளங்கும். பாட்டு எவ்விடத்தில் மூச்சு வாங்க வேண்டும், எவ்விடத்தில் விரைய வேண்டும் என்பதைத் தட்டுகிற கைதான் பல வேளைகளில் முடிவு செய்கிறது. ஆகவே கூட வாசிப்பவரை வெறும் ஏவலாளர் என்று ஒதுக்குவது உண்மைக்குப் பொருந்தாது.

அப்படியானால் உழைத்தவர் பெயரெல்லாம் ஊரறிய வேண்டும் என்பது விதியா? அவ்வாறும் சொல்ல இயலவில்லை. கொங்கு நாட்டில் சென்னிமலைப் போர்வை என்றால் அறியாதவர் இல்லை. போர்வைக்கு ஊரின் பெயர் நிலைத்தது. தறியில் இருந்து அதை நெய்தவர் பெயர் எந்தப் போர்வையிலும் இல்லை. கூலி குறைந்தது என்றால் அவர் முறையிடலாம்; பெயர் மறைந்தது என்று முறையிட்டால் நமக்கே சற்று வியப்பாக இருக்கும். காரணம் யாதெனில், அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவர் பெயர் வைக்கப்படவில்லை. அவ்விடம் வெறுமையாக இருக்கிறது, அவ்வளவே. ஒருவர் நெய்ததை இன்னொருவர் 'நான் நெய்தேன்' என்று சொல்லும்போதுதான், அல்லது பிறர் அவ்வாறு நம்பிக்கொண்டிருக்கக் கண்டும் வாய்மூடி இருக்கும்போதுதான், வழக்கு உண்டாகிறது.

இந்த வழக்கு கோயம்புத்தூரிலேயே ஒருமுறை எழுந்தது. ஒரே நிறுவனத்தில், ஒரே படத்தில், இரு இளைஞர்களைப் பொறுத்து எழுந்தது என்பதுதான் அதன் சுவை.

சென்னைக்கு நிகராகக் கோவையும் திரைப்படங்களை ஆக்கிய காலம் ஒன்று உண்டு. நூற்பாலைச் சங்குகளுக்கு இடையே சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இயங்கியது. ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா இன்னொரு பக்கம். சென்ட்ரல் ஸ்டூடியோவில் படமெடுத்த நிறுவனங்களுள் ஜூபிடர் பிக்சர்ஸ் பெரும் பெயர் பெற்றது. அதன் கூட்டாளிகளான எம். சோமசுந்தரம், எஸ்.கே. மொகிதீன் ஆகிய இருவரில் எவர் பெயரையும் நிறுவனம் சூடிக்கொள்ளவில்லை. வியாழக் கோளின் ஆங்கிலப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். கூட்டாளிகளிடையே பெயர்ச் சண்டை வராமல் தடுக்க இதைவிட நல்ல உபாயம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை! 1942இல் கண்ணகி, 1947இல் இராஜகுமாரி, 1949இல் வேலைக்காரி என்று வெற்றிப் படங்கள் அந்நிறுவனத்தின் பெயரால் வந்தன. அங்கே இசைப் பிரிவுக்குத் தலைவராக விளங்கியவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. 1950இல் வெளியான கிருஷ்ண விஜயத்தில் டி.எம். சௌந்தரராஜனின் குரல் முதன்முதலாகத் திரையில் ஒலித்தது அவருடைய இசையில்தான்.

அவரிடம் எடுபிடியாக ஓர் இளைஞர் இருந்தார். 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்து, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றவர். நடிகராகலாம் என்று வந்து, அது வாய்க்காமல், தேநீர் கொண்டுவந்து கொடுப்பது முதல் ஆர்மோனியத்தைத் துடைத்து வைப்பது வரை எல்லா வேலையும் செய்தவர். பிற்காலத்தில் எம்.எஸ். விசுவநாதன் என்று நாடறிந்தவர் அவரே.

அவர் வாழ்நாளெல்லாம் பல மேடைகளில் சொல்லி வந்த செய்தி இது. 1948இல் வெளியான அபிமன்யு படத்தின் ஒரு பாட்டுக்கு மெட்டு அமையாமல் சுப்பையா நாயுடு திண்டாடிக்கொண்டிருந்தார். அவர் இல்லாத நேரத்தில் விசுவநாதன் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து அப்பாட்டுக்குத் தம் மனத்தில் தோன்றிய மெட்டை வாசித்துப் பாடினார். திரும்பி வந்த நாயுடு அதைக் கேட்டுவிட்டார். எடுபிடிப் பையன் ஆர்மோனியத்தில் கை வைத்ததற்காகக் கடிந்துகொள்ளவில்லை. அந்த மெட்டையே படத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை: இது நீ போட்டது என்று எவரிடமும் சொல்லாதே, சின்னப் பையன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் ஏற்க மாட்டார்கள். பாட்டு வெளிவந்தது, மக்கள் பாராட்டினார்கள், பாராட்டு நாயுடுவுக்குச் சென்றது. மேலும் சில மெட்டுகளும் இவ்வாறே சென்றன.

அதே அபிமன்யுவுக்கு உரையாடல் எழுதியவர்களுள் ஒருவர் மு. கருணாநிதி. அப்போது அவர் இளைஞர். இராஜகுமாரிக்கு எழுதிய பின் கோவையிலேயே தங்கிப் பணி செய்துவந்தார். படம் வெளிவந்தபோது திரையில் அவருடைய பெயர் காணப்படவில்லை. அவர் மனம் பொறுக்கவில்லை. ஜூபிடரை விட்டு விலகித் திருவாரூருக்குத் திரும்பிவிட்டார்.

இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். இருவர் உழைப்பையும் ஒரே படம் பயன்படுத்திக்கொண்டது. ஒருவர் வாய்திறவாமல் இருந்தார், மற்றவர் மூட்டையைக் கட்டினார். இவர்களில் யார் செய்தது சரி? 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று நம் பெரியவர்கள் சிலர் உடனே விசுவநாதனைச் சுட்டிக் காட்டக்கூடும். அவ்வாறு சொல்வதற்கு நமக்குச் சற்றுத் தயக்கமுண்டு. பூமியை இருவருமே தத்தம் வழியில் ஆண்டார்கள் என்பது ஒருபுறமிருக்க, பொறுமை என்பது பெயரை இழந்தவர் தாமாக விரும்பிக் கொடுக்கும் கொடை. பெயரைப் பெற்றவர் எழுந்து நின்று 'நீ பொறுமையாக இரு' என்று கேட்பாராயின் அது அறிவுரை ஆகாது, வசூல் ஆகிவிடும். கருணாநிதியின் சினம் நியாயமானது. விசுவநாதனின் மௌனமும் நியாயமானதே. ஏனென்றால் அவருடைய மௌனத்துக்கு மறுமுனையில் இருந்தவர் சுப்பையா நாயுடு.

நாயுடு சொன்ன காரணத்தை எடைபோட வேண்டும். சின்னப் பையன் மெட்டு என்றால் ஏற்க மாட்டார்கள் என்பது பொய்யன்று. முதல் போட்டவர்கள் பெயரைப் பார்த்தே பொருளை மதிக்கும் தொழில் அது. நாயுடு தம் பெயரை மேலே போர்த்தியிராவிடில் அந்த மெட்டு அன்றே மண்ணுக்குள் போயிருக்கும். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய காரணத்தைச் சொல்கிறவர் எப்போதும் அதனால் ஆதாயம் அடைகிறவராகவே இருக்கிறார். 'உன் நன்மைக்காகத்தான் உன் பெயரை மறைத்தேன்' என்னும் சொல் உண்மையா, சாக்கா என்பதை அச்சொல்லை வைத்து அறிய முடியாது. பிற்பாடு என்ன செய்தார் என்பதை வைத்தே அறிய முடியும்.

பிற்பாடு நடந்தது இது. ஜூபிடர் தன் பணியைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டபோது கோவையில் இருந்த இசைக்குழுவைக் கலைத்துவிட்டார்கள். நாயுடுவுக்கும் வேலை இல்லை என்றாயிற்று. அப்போது அவர் முதலாளி சோமசுந்தரத்திடம் சென்று, இந்நாள்வரை என் பெயரால் வந்த மெட்டுகள் பலவற்றைப் போட்டவன் இந்த விசுவநாதன். இவனைக் கைவிடாமல் உங்களோடு அழைத்துச் செல்லுங்கள் என்று சொன்னார்.

'வேலை போன பிறகு உண்மை சொல்வதில் என்ன பெருமை? இழப்பதற்கு ஒன்றுமில்லையே' என்று கேட்பவர் இருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. வேலை போன மனிதருக்குக் கையில் எஞ்சியிருப்பது அவருடைய பழைய புகழ் ஒன்றே. அதைக் காட்டித்தான் அடுத்த வாசலில் வேலை கேட்க வேண்டும். மற்ற எந்த நாளையும்விட அன்றுதான் அந்த மெட்டுகள் அவருக்கு மிகவும் தேவைப்பட்டன. அந்த நாளில், படத் தொழிலின் பெரிய முதலாளி ஒருவரிடம், அவை என்னுடையவை அல்ல என்று அவரே சென்று சொன்னார். வேறு எவரும் கேட்கவில்லை, எவரும் கண்டுபிடிக்கவில்லை, விசுவநாதனும் முறையிடவில்லை.

நம் வீடுகளில் வழங்கும் ஒரு சொல் இதற்குப் பொருந்துகிறது. அது அமானிதம். ஒருவர் பொருளை இன்னொருவர் காத்து வைத்துக்கொள்வது குற்றமன்று. சில வேளைகளில் அது பேருதவி. தம் பொருளோடு கலந்து வைத்திருந்தாலும்கூட, எது எவருடையது என்ற கணக்கு மனத்தில் இருந்தால் போதும். கேட்கும் நாளில், அல்லது கேட்க வழியற்றவர் தவிக்கும் நாளில், திருப்பிக் கொடுப்பதில்தான் காரியம் இருக்கிறது. திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தில் கடனை எழுதி வைக்கச் சொல்லும் நீண்ட வசனத்தை அடுத்து வருவதில், அமானிதத்தைத் திருப்பித் தருவதும் சாட்சியத்தை மறைக்காமலிருப்பதும் ஒரே மூச்சில் பேசப்படுவதை நம் வாசகர்கள் அறிவார்கள். அவ்விரண்டும் ஏன் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதற்குச் சுப்பையா நாயுடுவின் செய்கை ஒரு விளக்கம் போல அமைந்துவிட்டது. பணமாக இருந்தால் கையில் எடுத்துக் கொடுத்துவிடலாம். புகழை எப்படி எடுத்துக் கொடுப்பது? அதைச் சாட்சி சொல்லித்தான் கொடுக்க முடியும். அதுவும் தனியறையில் தோளைத் தட்டி 'எல்லாம் உன்னால்தான்' என்பது கணக்கில் சேராது. அவருக்கு வேலை தரக்கூடியவர் முன்னிலையில் சொல்ல வேண்டும்.

புகழ் பெற்றவர்களை மட்டும் நிறுத்திக் கேட்பது முறையாகாது. கேட்கும் நாமும் இதில் பங்காளிகள். 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாட்டு ஒலிக்காத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் அரிது. முஸ்லிம் அல்லாதார் இல்லங்களிலும் அது ஒலிக்கிறது. அது யார் பாட்டு என்று கேட்டால் நாகூர் ஹனிபா பாட்டு என்று குழந்தையும் சொல்லும். 2015இல் அவர் மறைந்தபோதும் அந்தப் பாட்டே எங்கும் நினைவுகூரப்பட்டது. அதை எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? அந்தக் குரலின் கம்பீரத்தில் நமக்கு ஐயமில்லை. அக்குரல் இல்லாமல் அச்சொற்கள் இத்தனை வீடுகளுக்குச் சென்றிருக்கமாட்டா. ஆனால் குரலை மட்டும் அறிந்துகொண்டு, எழுதியவரையும், இசையமைத்தவரையும், பின்னால் இருந்து தாளம் கொட்டியவரையும் அறியாதிருப்பது நம் சோம்பலே அன்றி ஹனிபாவின் குற்றமன்று.

கித்தாருக்கே திரும்புவோம். தமிழகத்தில் தாமே எழுதித் தாமே பாடிய மேடைப் பாடகர்களுள் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் குறிப்பிடத்தக்கவர். மக்கள் அறிந்த திரை மெட்டுகளில் தம் சொற்களை ஏற்றிப் பொதுவுடைமை மேடைகளில் பாடியவர். 1958இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடிப் புகழ் பெற்றவர். அவருடைய தம்பியர் பாஸ்கர், ராஜா, அமர் மூவரும் வாத்தியங்களோடு அவர் பின்னால் அமர்ந்தார்கள். குழுவுக்குப் பெயர் 'பாவலர் பிரதர்ஸ்'. அந்த ராஜாதான் பிறகு சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, ஜி.கே. வெங்கடேஷ் முதலியோரின் குழுக்களில் கித்தார் வாசித்த இளையராஜா. சலில் சௌத்ரிக்கும் வாசித்தார். 1976இல் அன்னக்கிளி வெளியாகும் வரை அவருடைய விரல்கள் பிறர் பெயரால் வந்த பாட்டுகளுக்குள்தான் இருந்தன. அப்பாட்டுகளை நாம் இன்றும் கேட்கிறோம். எந்த இடத்தில் அவர் கித்தார் ஒலிக்கிறது என்று பிரித்தறிய நம்மால் ஆவதில்லை. இங்கே நாம் காணும் இன்னொரு சிறப்பு, கூட வாசித்தவர்களே பாடியவரின் பெயரைச் சுமந்து வந்தது. அண்ணன் மறைந்து, தம்பியர் அவரைவிடப் பன்மடங்கு புகழ் எய்திய பின்னும், பாஸ்கர் படத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கியபோது அதற்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்றே பெயரிட்டார். கடன் எப்போதும் ஒரு திசையில் மட்டும் ஓடுவதில்லை.

சட்டம் இவ்வழக்கைத் தீர்க்காதா என்று கேட்கலாம். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டின் சொல்லுக்கு ஓர் உரிமையாளரையும் மெட்டுக்கு ஓர் உரிமையாளரையும் காண்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இவர்களுக்குரிய பங்கை வலுப்படுத்தியது. கூட வாசிப்பவர் மெட்டில் கலந்துவிடும் இடம் எது என்பதில்தான் தொல்லை. இங்கிலாந்தில் ப்ரோகோல் ஹாரம் என்ற இசைக்குழு 1967இல் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' என்னும் பாட்டை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றது. அதன் பெயர்ச் சீட்டில் பாடகர் கேரி ப்ரூக்கரும் சொல்லெழுதிய கீத் ரீடும் மட்டுமே இருந்தார்கள். அப்பாட்டை எவர் நினைத்தாலும் முதலில் காதில் ஒலிப்பது தொடக்கத்தில் வரும் ஆர்கன் வாசிப்பு. அதை அமைத்தவர் மாத்யூ ஃபிஷர். அவர் 2005இல் வழக்குத் தொடுத்தார். 2006இல் உயர்நீதிமன்றம் இசையில் 40 விழுக்காடு அவருடையது என்றது. மேல்முறையீடுகளுக்குப் பின் 2009இல் பிரபுக்கள் சபை அவருடைய பங்கை உறுதி செய்தது. நாற்பதாண்டு தாமதித்தும் நியாயம் கிடைத்தது என்று மகிழலாம். ஆயினும் ப்ரூக்கர் கடைசி வரை எதிர்த்தே நின்றார். ஒரு காலத்தில் ஓரறையில் அமர்ந்து அந்தப் பாட்டை உருவாக்கிய இரு நண்பர்கள் வழக்கறிஞர்கள் வாயிலாகப் பேசிக்கொண்டார்கள். சுப்பையா நாயுடு ஒரு நாளில், ஒரு வாயால், செலவின்றிச் செய்ததை அங்கே மூன்று நீதிமன்றங்கள் செய்தன. செய்தும் பாதிதான் கைகூடியது.

விசுவநாதன் பிறகு என்ன ஆனார்? சென்னையில் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் ஆர்மோனியம் வாசித்தார். அங்கே வயலின் வாசித்தவர் டி.கே. ராமமூர்த்தி. 1952இல் சுப்பராமன் இளவயதிலேயே இறந்துவிட, தேவதாஸ் முதலிய படங்களில் அவர் விட்டுச் சென்ற பணியை இருவரும் அவருக்காக முடித்துக் கொடுத்தார்கள். அவ்வாண்டே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் 'பணம்' படத்தின் மூலம் விசுவநாதன்-ராமமூர்த்தி என்னும் இரட்டைப் பெயர் பிறந்தது. மூத்தவராகிய ராமமூர்த்தி பின்னால் நின்று இளையவரைத் தாங்கட்டும் என்று கலைவாணர் பெயர் வரிசையை அமைத்ததாகச் சொல்வதுண்டு. 1965இல் இருவரும் பிரிந்தார்கள். எந்தப் பாட்டில் எவர் பங்கு எவ்வளவு என்று இரசிகர்கள் அன்று தொடங்கிய வாதம் இருவரும் மறைந்த பின்னும் ஓயவில்லை. அவர்களோ 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மீண்டும் ஒன்றாக அமர்ந்தார்கள். இரட்டைப் பெயரில் வந்த பாட்டுகளைப் பங்கு பிரித்துக் காட்டச் சொல்வது, பாலில் கலந்த நீரை எடுத்துக் காட்டச் சொல்வது போன்றது. இரு பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. அங்கே நம் வழக்குக்கு இடமில்லை.

இடமிருந்தது அபிமன்யுவில்தான். சுப்பையா நாயுடு அன்று சோமசுந்தரத்திடம் சொன்னதை ஊரார் அறிந்தது விசுவநாதன் வாயால். தம் பெயர் மறைக்கப்பட்டதை அவர் சொன்னபோதெல்லாம், மறைத்தவரே அதை வெளியிட்டதையும் சேர்த்தே சொன்னார்; ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்லியிருந்தால் கேட்டவர்கள் நாயுடுவை வேறு விதமாக எண்ணியிருப்பார்கள். நாயுடு முதுமை எய்தியபோது அவரையும் அவர் மனைவியாரையும் விசுவநாதன் தம் பொறுப்பில் வைத்துப் பேணினார். 1979இல் நாயுடு மறைந்தார். மகன் செய்ய வேண்டிய இறுதிக் கடன்களை விசுவநாதன் செய்தார். அபிமன்யு படத்தின் பெயர்ப் பட்டியலில் இன்றும் அவர் பெயர் கிடையாது.